தொட்டி நிறையக் கப்பிகள்: எங்கிருந்து குறைப்பது?

கேள்வி: 8 மாதத்துக்கு முன் மகளுக்காக 2 அடி தொட்டி வாங்கி, 2 ஆண், 4 பெண் கப்பி மீன் விட்டோம். முதல் தடவை குட்டி போட்டபோது குஞ்சுகளைக் காப்பாற்ற வலைப்பெட்டி, ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி எல்லாம் வாங்கிப் போட்டோம். இப்போது 150-க்குக் குறையாது. காலையில் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாரத்துக்கு ஐந்தாறு செத்து மிதக்கின்றன. ஒரு மாதத்துக்கு முன் பெரிய பெண் மீன்கள் நான்கையும் தனி வாளிக்கு மாற்றினோம். அங்கேயும் குட்டி போட்டுவிட்டன. வாங்கிய கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். குஞ்சுகளைத் தின்ன ஓர் ஏஞ்சல் மீன் விடச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில். மாமனார் ஊர்க் கண்மாயில் விட்டுவிடலாம் என்கிறார். மகளோ ஒரு மீனைக்கூடக் கொல்லக் கூடாது என்று அழுகிறாள். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர் வெப்பத்தில், நல்ல தீனி கிடைக்கும் பெண் கப்பி ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். இளசாக இருந்தால் ஓர் ஈற்றுக்கு 10, 15 குஞ்சுகள். நன்றாக வளர்ந்த மீன் என்றால் 30 முதல் 60, சில சமயம் அதற்கும் மேல். ஈற்றுக்கு 30 என்றே வைத்துக்கொண்டாலும், நீங்கள் வாங்கிய நான்கு பெண் மீன்கள் மட்டும் 8 மாதத்தில் 900 குஞ்சுகளுக்கு மேல் ஈன்றிருக்கும். அவற்றின் மகள்களும் பேத்திகளும் ஈன்றது தனி. ஆனால் தொட்டியில் இருப்பது 150. மீதியைப் பெரிய மீன்கள் தின்றிருக்கும், அல்லது நெரிசலிலும் கெட்ட நீரிலும் செத்துக் கரைந்திருக்கும். அதாவது உங்கள் தொட்டி தன்னால் தாங்க முடியாததை ஏற்கெனவே அழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளைக்கே 100 மீனை யாருக்காவது கொடுத்துவிட்டு, தண்ணீரையும் மாற்றிச் சுத்தமாக வைத்தீர்கள் என்றால், மிச்சமிருக்கும் பெண் மீன்கள் அதே வேகத்தில் குட்டி போடும். ஆனால் இப்போது இடமும் நல்ல தண்ணீரும் இருப்பதால் முன்பைவிட அதிகக் குஞ்சுகள் பிழைக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்கே வந்து நிற்பீர்கள். குஞ்சுகளைப் பிடித்துக் குறைக்கிற எந்த வழியும் இப்படித்தான் முடியும். தொட்டியில் பெண் மீன் இருக்கும்வரை எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை. அதனால் இந்தப் பதிலின் பெரும்பகுதி பெண் மீன்களைப் பிரிப்பது பற்றித்தான்.

ஆனால் அதற்கு முன், காலையில் மேலே வந்து வாய் பிளப்பதை இன்றே கவனிக்க வேண்டும். அது பிராணவாயு போதாததன் அறிகுறி. செவுள் புண்ணானதாலும் இருக்கலாம். உங்கள் தொட்டி 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம் என்றால் முழுக் கொள்ளளவு 56 லிட்டர். அடியில் கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக உண்மையில் நிற்பது 42 லிட்டர் அளவுதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் அதிகபட்சமே 7.5 மில்லிகிராம்தான். இரவில் ஜாவா மாஸும் மற்ற செடிகளும்கூட மீன்களோடு சேர்ந்து அந்தப் பிராணவாயுவையே எடுத்துக்கொள்ளும். விடியும்போது அது மிகக் குறைந்திருக்கும். அதனால்தான் மாலையில் நன்றாக நீந்துகிற மீன் காலையில் திணறுகிறது. ஏர் பம்ப்பை இரவில் நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பம்ப் ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொரு ஏர் ஸ்டோன் சேருங்கள். தொட்டியில் ஹீட்டர் இருந்தால் கழற்றி வையுங்கள். மதுரை வெயிலில் கப்பிக்கு ஹீட்டர் தேவையே இல்லை. வெப்பம் கூடக்கூடச் சினைக்காலமும் குறைந்து அடுத்த ஈற்று சீக்கிரம் வரும்.

அடுத்தது அம்மோனியா. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வருவது இது. மதுரைப் பகுதியின் போர் தண்ணீர் பெரும்பாலும் கடின நீர். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்கள் எல்லாவற்றுக்கும் கடின நீர் பிடிக்கும், அதில் குறையில்லை. ஆனால் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 8 ஆக இருக்கிற நீரில், 30 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் ஏழு சதவீதத்துக்கு மேல் விஷத் தன்மையுள்ள வடிவத்தில் இருக்கும். அதே வெப்பத்தில் பிஎச் 7 என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே வேறு ஊரில் தப்பித்துக்கொள்ளும் அதே அளவு அழுக்கு உங்கள் வீட்டில் மீனைக் கொல்லும். சொட்டு முறை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள். அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று காட்டினாலே உங்கள் நீரில் அது செவுளை உறுத்துகிற அளவு. அம்மோனியாவும், அதிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கடைசியாக மிஞ்சும் நைட்ரேட் 40-க்குக் கீழே இருந்தால் போதும்.

இதைப் பார்த்துப் பதறி ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள். நெரிசலான தொட்டியின் நீர் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மாறியிருக்கும். மீனும் அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று புது நீருக்கு மாற்றினால், கெட்ட நீரில் உயிரோடு இருந்த மீன் நல்ல நீரில் சாகும். ஒரு வாரம், தினமும் 8 லிட்டர் மட்டும் அடியிலிருந்து டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு புது நீர் ஊற்றுங்கள். போர் தண்ணீரை முந்தைய இரவே வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். ஆழத்திலிருந்து வரும் நீரில் பிராணவாயு குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். ஒரு இரவு காற்று ஓடினால் சரியாகிவிடும். கார்ப்பரேஷன் தண்ணீர் கலந்தால், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்து கட்டாயம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. தண்ணீர் மாற்றுவதையும் ஸ்பாஞ்ச் கழுவுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

இப்போது நீங்கள் வாளிக்கு மாற்றிய அந்த நான்கு பெண் மீன்களிடம் வருவோம். ஆண் இல்லாமலே குட்டி போட்டதில் தவறு எதுவும் நடக்கவில்லை. பெண் கப்பி ஒருமுறை இணை சேர்ந்தால் ஆணின் விந்தைத் தன் உடலுக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அதை வைத்தே ஆறு மாதம்வரை, சில மீன்கள் அதற்கு மேலும், அடுத்தடுத்துக் குட்டி போடும். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கிடப்பதால், கடையில் வாங்கும் வளர்ந்த பெண் கப்பி அனேகமாக எல்லாமே சினையோடு, கையிருப்போடுதான் வீட்டுக்கு வரும். 'பெண் மட்டும் வாங்கினால் பெருகாது' என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஆக, பெண் மீன்களைத் தனியே வைப்பது பலன் தர அரை வருஷம் ஆகும். ஆண் மீன்களை மட்டும் வைத்துக்கொள்வதோ பிரித்த அன்றே பலன் தரும். கப்பியில் நிறமும் வால் அழகும் ஆணுக்குத்தான். உங்கள் மகளுக்குப் பிடித்தது அதுதான் என்றால் எதையும் இழக்கப் போவதும் இல்லை. 42 லிட்டரில் 12 ஆண் கப்பி நிம்மதியாக வாழும். உங்கள் இலக்கு அந்த 12 தான்.

பிரிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். வேண்டியவை: 40 லிட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் டப் மூன்று, சிறு கண்ணி வலை இரண்டு, வழவழப்பான கண்ணாடி ஜாடி ஒன்று, ஒரு டார்ச். முதல் நாள் இரவே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்த மீனைக் கையாண்டால் அதிகம் திணறும். தொட்டியில் 4 அங்குல நீரை விட்டுவிட்டு, மேலே உள்ளதை மூன்று டப்புகளிலும் சமமாகப் பிரித்து ஊற்றி, மீதியை முந்தைய நாள் பிடித்து வைத்த புது நீரால் நிரப்புங்கள். ஒவ்வொரு டப்பிலும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா இருக்காது. பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்கு நீரை அதன்மேல் ஊற்றினால் குடியேற்றம் வேகமாகும். டப்புகள் நிழலில் இருக்கட்டும், மேலே கொசுவலை மூடியிருக்கட்டும். கப்பி துள்ளி வெளியே விழும்.

தொட்டியில் நீர் 4 அங்குலத்துக்கு வந்ததும் செடி, அலங்காரப் பொருள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் ஒரு மணி நேரத்து வேலை மூன்று மணி நேரம் ஆகும். ஒரு வலையை அசையாமல் பிடித்து, இன்னொரு வலையால் மீனை அதை நோக்கி ஓட்ட வேண்டும். துரத்திப் பிடித்தால் வால் கிழியும். பிடித்ததை ஜாடியில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள்.

வளர்ந்த மீனில் குழப்பமே இல்லை. வயதே தெரியாத நடுத்தர மீனில் வால் நிறத்தை நம்பாதீர்கள். வயிற்றுக்கு அடியில், மலத்துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறி போல முக்கோணமாக விரிந்திருக்கும். ஆணுக்கு ஒரு குச்சி போல ஒடுங்கிப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெண்ணுக்கு அந்தத் துடுப்பின் அருகே வயிற்றில் கருநிழலாக ஒரு புள்ளியும் தெரியும். டார்ச்சை மறுபக்கம் பிடித்தால் தெளிவாகும். வெளிர் நிற ரகங்களில் புள்ளி ஆரஞ்சாகவோ இல்லாமலோ இருக்கலாம், ஆகவே முடிவு சொல்வது துடுப்புதான். மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் எல்லாவற்றுக்கும் இதே அடையாளம்.

ஆண் ஒரு டப், பெண் ஒரு டப். மூன்றாவது டப்தான் முக்கியமானது: 'தெரியாதது'. ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்த எல்லாமும், சந்தேகமான எதுவும் அதில் போகட்டும். குஞ்சுக்கு 3 வாரம் ஆகும்போது துடுப்பின் வடிவம் மாறத் தொடங்கும். ஒரே ஈற்றுக் குஞ்சுகளிலும் ஒன்று 4 வாரத்தில் ஆணாகத் தெரியும், இன்னொன்று 8 வாரம் இழுக்கும். அதனால் அந்த டப்பை வாரம் ஒருமுறை ஜாடியில் எடுத்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் ஒரே ஓர் ஆண், கூட இருக்கும் சகோதரிகள் எல்லோரையும் சினையாக்கிவிடும். இந்த வேலையை உங்கள் மகளிடமே கொடுங்கள். சிறு கண்களுக்கு அந்தத் துடுப்பு நம்மைவிட நன்றாகத் தெரியும். எந்த வாரம் எத்தனை பிரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

ஆண் டப்பில் இரண்டு வாரம் கழித்துக் குஞ்சு தென்பட்டால், ஒரு பெண்ணைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆளைத் தேடி எடுத்தால் போதும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. பெண் டப்பில் ஓர் ஆணைத் தவறவிட்டால் நஷ்டம் பெரிது. ஆறு மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆண்களை மட்டும் தொட்டியில் விடும்போது மூன்று நான்கு என்று விடாதீர்கள். மிகக் குறைவாக இருந்தால் பலவீனமான ஒன்றையே மற்றவை துரத்தும். எட்டுக்கு மேல் இருந்தால் துரத்தல் பிரிந்துபோகும். பெண் டப்பின் தண்ணீரைக் கொண்டுவந்து இந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன்: இந்த ஆண்-மட்டும் முறை கப்பிக்குச் சரி, ஸ்வார்டு டெயிலுக்குச் சரிவராது. அதன் ஆண்கள் தங்களுக்குள் மோசமாகச் சண்டையிடும், 2 அடி தொட்டியில் ஒன்றுக்கு மேல் வைக்க முடியாது. மோலி ஆண்களும் கிட்டத்தட்ட அப்படியே. 'பெண் ஸ்வார்டு டெயில் ஆணாக மாறிவிட்டது' என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை தாமதமாக முதிர்ந்த ஆண்கள்தான். அந்த இனத்தில் சில ஆண்களுக்கு வாலில் வாள் போன்ற நீட்சி முளைக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அது பெண் போலவே இருக்கும். ஸ்வார்டு டெயில் வளர்க்கிறவர்கள் பெண் மட்டும் வைத்து, ஆறு மாதம் பொறுப்பதே வழி.

இனி ஏஞ்சல். அது தவறான யோசனை அல்ல, ஆனால் இடம் தவறு. ஏஞ்சல் உயரமாக வளரும் மீன். 18 அங்குல உயரமும் 100 லிட்டரும் வேண்டும். வளர்ந்த ஏஞ்சல் குஞ்சோடு நிற்காது, சின்ன ஆண் கப்பியையும் விழுங்கும். ஃபைட்டர் விட்டால் கப்பியின் நீண்ட வாலை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் கடிக்கும். டைகர் பார்பும் வால் கடிப்பதில் பேர்போனது. 2 அடியில் ஏதாவது விடத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு புளூ கோராமி. கடின நீரைத் தாங்கும், பிறந்த குஞ்சுகளைத் தேடித் தின்னும், பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் நிற்கும். சில கோராமி முரட்டுத்தனமாக இருக்கும். அப்போது மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே எந்த மீனையும் சேருங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொன்று தின்னும் மீன் பெருக்கத்தை நிறுத்தாது, குஞ்சுகளை மட்டும் எடுக்கும். கப்பி பிறந்த மண்ணே அதற்குச் சாட்சி. ட்ரினிடாட் தீவில் இதற்கு 'மில்லியன்ஸ்' என்றே பெயர். அங்கே அரிப்போ போன்ற ஆறுகளின் கீழ்ப்பகுதியில் பைக் சிக்லிட் போன்ற பெரிய வேட்டை மீன்கள் உண்டு. அருவிகளுக்கு மேலே அவை ஏற முடியாததால் அங்கே ஆபத்து குறைவு. டேவிட் ரெஸ்னிக், ஜான் எண்ட்லர் ஆகிய உயிரியலாளர்கள் இரண்டு இடத்துக் கப்பிகளையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். வேட்டை மீன்கள் அதிகமுள்ள இடத்துக் கப்பி சீக்கிரமே முதிர்ச்சி அடைந்து, சிறியதாக, அதிக எண்ணிக்கையில் குஞ்சு ஈனுகிறது என்று கண்டார்கள். தின்னப்படுவதற்கு ஈடுகட்டியே பழகிய மீன் இது. ஆண்-மட்டும் தொட்டியில் தப்பிப் பிறக்கும் ஒன்றிரண்டைத் துடைக்கக் கோராமி உதவும். 20 பெண் மீன்கள் இருக்கிற தொட்டியில் அதை விட்டால், அதற்கு வயிறு நிறைந்த பிறகு மிஞ்சுவது வளர்ந்துகொண்டே இருக்கும்.

வலைப்பெட்டியை இன்றே எடுத்துவிடுங்கள். ஜாவா மாஸையும் மிதக்கும் செடிகளையும் பாதிக்கு மேல் குறையுங்கள். குஞ்சு ஒளிய இடமில்லாவிட்டால் தாயும் மற்றவையும் அதைத் தின்னும்; கப்பிக்கு இது இயல்பான நடத்தை, நோயோ பசிக் கொடுமையோ அல்ல. தீனியையும் குறைக்கலாம்: நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. தண்ணீரும் தேறும், அடுத்தடுத்த ஈற்றின் எண்ணிக்கையும் குறையும். 'தெரியாதது' டப்பில் மட்டும் நாளைக்கு இரண்டு வேளை கொடுங்கள். வளர்ந்தால்தானே பிரிக்க முடியும்.

உங்கள் மாமனார் சொன்ன கண்மாய் வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மழைக்காலத்தில் ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. ஒரு கண்மாயில் விட்ட சினைக் கப்பி ஒன்றே போதும், ஒரு சங்கிலி முழுக்கப் பரவ. நம் கெண்டைகளின் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் அது தின்னும். தொட்டி நோய்களையும் கூடவே கொண்டுபோகும். 'சாக்கடையில்கூடக் கப்பி கிடக்கிறதே' என்று கேட்பார்கள். அது எதையும் தாங்கிப் பெருகும் என்பதற்குத்தான் அந்தச் சாக்கடை அடையாளம்.

கொசு ஒழிப்புக்கு அரசே கப்பி விடுகிறதே என்பதும் உண்மை. 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்ற கொசு மீன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பியும் கொசுப் புழுவைத் தின்னும் மீனாக இங்கே நூறாண்டுக்கு முன்பிருந்தே பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஏற்ற இடம் வேறு எந்த நீரோடும் சேராத பயன்படாத கிணறு, அலங்காரத் தொட்டி, கட்டுமான இடத்து நீர்த்தொட்டி போன்றவை. உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். தேவை இருந்தால் அவர்களே வாங்கிக்கொள்ளலாம். கூடுதல் மீன்களுக்கு நல்ல போக்கிடம் அது. நீங்களாகக் கொண்டுபோய் விடாதீர்கள்.

கடைக்காரர் மறுத்ததில் அவரையும் குறை சொல்ல முடியாது. சென்னை கொளத்தூர்ப் பகுதியிலிருந்தும் சுற்று வட்டாரப் பண்ணைகளிலிருந்தும் ஒரே நிறக் கப்பிகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. கலப்பு நிறக் கப்பிக்கு விலையே இல்லை. நீங்கள் கொண்டுபோன மீனில் நோய் இருந்தால் அவர் தொட்டி முழுக்கப் போகும் என்ற பயமும் அவருக்கு உண்டு. வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் சரியாகி, மூன்று வாரம் ஒரு மீனும் சாகாமல் இருந்த பிறகு, இரண்டரை சென்டிமீட்டர் தாண்டிய, வால் கிழியாத ஆண்களை மட்டும் 20, 30 ஆகப் பிரித்துக் கொண்டுபோங்கள். கூட்டமில்லாத வார நாளில் போங்கள். காசு கேட்காமல் ஒரு டப்பா தீனிக்கு மாற்றாகக் கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதானாலும் ஆண் மட்டும் கொடுங்கள். ஜோடியாகக் கொடுத்தால் உங்கள் பிரச்சினையையே அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள்.

பெண் மீன்களை யார் எடுப்பார்கள்? பெரிய மீன் வளர்க்கிறவர்கள். அரவானா, ஆஸ்கர் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தீனிக்கு வாங்குவார்கள்; கடையிலும் 'ஃபீடர்' என்றுதான் எடுப்பார்கள். உங்கள் மகளுக்கு இது வருத்தமாக இருக்கும். அவளிடம் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆற்றில் பிறக்கும் கப்பிகளில் பெரும்பாலானவை இன்னொரு மீனுக்கு இரையாகத்தான் போகின்றன. அதைவிட, அம்மோனியாவில் செவுள் வெந்து நாள்கணக்கில் மூச்சுக்குத் திணறிச் சாவது கொடுமை. இப்போது வாரம் ஐந்தாறு அப்படித்தான் சாகின்றன. அவளுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், பெண் டப்பைச் செடியே இல்லாமல் ஆறேழு மாதம் அப்படியே வைத்திருங்கள். கையிருப்பு தீர்ந்து ஈற்று நிற்கும். கப்பியின் ஆயுள் நம் வெப்பத்தில் இரண்டு வருஷத்துக்குள்தான்; எண்ணிக்கை தானே இறங்கும். அதற்கு ஒரு டப்பும் வாராவாரம் தண்ணீர் மாற்றுகிற பொறுமையும் வேண்டும், அவ்வளவே.

பிரிக்கும்போது முதுகு வளைந்த மீன்கள் கண்ணில் பட்டால் தனியாகக் கவனியுங்கள். பிறந்ததிலிருந்தே வளைந்திருந்தால் அனேகமாக ஒரே குடும்பத்துக்குள் இணை சேர்ந்து வந்த குறை. 2 ஆண், 4 பெண்ணில் தொடங்கி மூன்றாம் தலைமுறைக்கு வந்துவிட்ட தொட்டியில் இது எதிர்பார்க்கக் கூடியது. நேராக இருந்து, வளர்ந்த பிறகு வளைந்து, மெலிந்து, தீனி எடுக்காமல் போனால் மீன் காசநோய் என்று சந்தேகப்பட வேண்டும். அந்தக் கிருமி கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாக மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும். கையுறை போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள், மகளைத் தள்ளி வையுங்கள். அந்தத் தொட்டியிலிருந்து யாருக்கும் ஒரு மீனும் கொடுக்காதீர்கள். மலத்துவாரத்தில் சிவப்பு நூல் போல ஏதாவது தொங்கினாலும் கொடுப்பதை நிறுத்துங்கள். அது குடற்புழு, இந்த வகை மீன்களில் அடிக்கடி வரும், வேகமாகப் பரவும்.

இப்படிப் பிழைக்க வழியில்லாத மீனுக்கு ஒரு மரியாதையான முடிவு உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் கிராம்பு எண்ணெய் வேண்டும். ஒரு கிண்ணத்தில் தொட்டி நீர் ஒரு லிட்டர் எடுத்து மீனை விடுங்கள். சிறு புட்டியில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் 10 சொட்டு எண்ணெய் விட்டு, பால் போல வெளுக்கும்வரை குலுக்குங்கள். அப்படியே ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், வேலை செய்யாது. குலுக்கியதை மெல்லக் கலந்து விடுங்கள். மீன் ஓரிரு நிமிடத்தில் மயங்கிச் சாயும். செவுள் அசைவு முழுக்க நின்ற பிறகும் 10 நிமிடத்துக்குக் குறையாமல் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு எடுத்துப் பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள். வேறு மீனுக்குத் தீனியாகப் போடக் கூடாது. உயிரோடு கழிப்பறையில் ஊற்றுவதும், ஃப்ரீசரில் வைப்பதும் மீனுக்கு நீண்ட வேதனை. அவற்றைச் செய்யாதீர்கள்.

ஒரு மாதம் கழித்துத் தொட்டியில் 12 ஆண்களும், நைட்ரேட் 40-க்குக் கீழேயும் இருந்தால், தண்ணீர் மாற்றுவது வாரம் ஒருமுறை 10 லிட்டராகக் குறையும். குஞ்சு பார்க்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது: வேறு இடத்திலிருந்து வாங்கிய ஒரு பெண்ணை, இங்கே உள்ள நல்ல ஆண் ஒன்றோடு 20 லிட்டர் டப்பில் ஒரு வாரம் வைத்து, ஆணைத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். குஞ்சு பிறந்ததும் தாயை எடுத்துவிடுங்கள். அந்த ஈற்றில் 10 குஞ்சை மட்டும் வளர்த்து, நாலாவது வாரமே துடுப்பைப் பார்த்துப் பிரியுங்கள். புது ரத்தம் வந்ததால் முதுகு வளைவும் குறையும். அந்தத் தாய்க்கு இன்னும் ஆறு மாதக் கையிருப்பு இருக்கும் என்பதை நினைவில் வைத்து, அவளை எங்கே அனுப்புவது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.